பத்துக் கோடி பீங்கான் விதைகள்

பீங்கான் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன ஊறுகாய் ஜாடியும் தேநீர்க் கோப்பையுமே. உப்பும் புளிப்பும் அரிக்காத பாண்டம் என்ற அளவில் நம் இல்லங்கள் அதனை மதித்து வந்துள்ளன. இக்காலத்திலோ கல்லையும் வெண்கலத்தையும் போலவே பீங்கானையும் கலைஞர்கள் தங்கள் சிருஷ்டிக்கு உரிய பொருளாகக் கொண்டுள்ளனர். அவ்வகைப் படைப்பு ஒன்றைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு எழுத விரும்பினேன். கலை விமர்சனம் என் தொழிலன்று. எனினும், பலர் கூடிச் செய்த வேலை எதுவாயினும் அதன் கணக்கைப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு.

லண்டன் மாநகரில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடம் இருக்கிறது. அது முன்னாளில் மின்சார நிலையமாக இருந்த கட்டடம். யந்திரங்கள் நின்ற பெருங்கூடத்தின் தரையில் 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் சூரியகாந்தி விதைகளைப் பரப்பி வைத்தார். தொலைவில் நின்று பார்ப்போர்க்கு அது தானியம் காயும் களம்போலவே தோன்றிற்று. குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தால் பீங்கான்! எண்ணிக்கை 10 கோடி. எடை ஏறக்குறைய 150 டன். ஒவ்வொரு விதையின் கரிய கோடுகளும் தனித்தனியே கையால் தீட்டப்பெற்றவை.

சூரியகாந்தியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1966 முதல் 1976 வரை சீனத்தில் நடந்த கலாசாரப் புரட்சிக் காலத்தில் மா சே துங்கைச் சூரியனாகவும், மக்களை அவர் முகம் நோக்கித் திரும்பும் சூரியகாந்திப் பூக்களாகவும் சித்திரிப்பது வழக்கம். வறுமை மிகுந்த அந்நாளில் நண்பர் கூடினால் பகிர்ந்து கொறித்ததும் இவ்விதையையே. ஒரே நிறமாய்த் தெரியும் பெருந்திரளில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை.

இவ்விதைகள் பிறந்த ஊர் ஜிங்தேஜென். 1004-ஆம் ஆண்டில் சீனச் சக்கரவர்த்தி ஒருவருடைய ஆட்சிக்காலப் பெயரைத் தாங்கிய அந்நகரம், அரண்மனைக்கும் அயல்நாடுகளுக்கும் பீங்கான் செய்து அனுப்பிப் புகழ் பெற்றது. அருகிலுள்ள காவோலிங் குன்றின் பெயராலேயே வெள்ளைக் களிமண்ணை உலகம் கயோலின் என்று அழைக்கிறது. இம்மண்ணோடு ஒருவகை வெண்கல்லைப் பொடித்துச் சேர்த்துச் சுமார் 1,300 டிகிரி வெப்பத்தில் சுட்டால், மண் கண்ணாடித் தன்மை எய்தும். சுண்டினால் மணியோசை தரும். மெல்லியதாயின் ஒளியும் ஊடுருவும். சீனப் பீங்கான் நம் கரைக்கும் வந்ததுண்டு. இராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தெடுத்த ஓடுகள் 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

ஜிங்தேஜெனில் ஒரு பாண்டத்தை ஒருவரே செய்வதில்லை. 1712-இல் அங்கிருந்து கடிதம் எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல், ஒரு பாண்டம் எழுபது பேர் கைகளைக் கடந்து வருகிறது என்ற செய்தியைத் தெரிவித்திருக்கிறார். ஒருவர் மண் பிசைவார். ஒருவர் சக்கரம் சுற்றுவார். கோடு போடுகிறவர் வேறு, நிறம் நிரப்புகிறவர் வேறு. நூல் சுற்றுதல், பாவு ஓட்டுதல், கஞ்சி தோய்த்தல், அச்சுப் பிணைத்தல், நெய்தல் எனக் குடும்பமே கூடிச் செய்யும் நம் தொழிலை அறிந்தவர்க்கு இது புதுமையன்று.

விதை வேலையும் அவ்வாறே நடந்தது. அச்சில் உருப்பெற்ற விதையைச் சூளையில் சுட்டு, பெரும்பாலும் பெண்களே பக்கத்துக்கு மூன்று நான்கு கோடுகளாகத் தீட்டி, மீண்டும் சுட்டார்கள். இரண்டாண்டுகளுக்கு மேல் நடந்த இவ்வேலையில் ஈடுபட்டோர் 1,600 பேர். 10 கோடியை 1,600-ஆல் வகுத்தால் ஆளுக்கு 62,500 விதை. மண் எடுத்தவரும் சூளை வைத்தவரும் இத்தொகையில் அடங்குவர். ஆதலின் தூரிகை பிடித்தவர் பங்கு இதனினும் மிகுதி.

காட்சி திறந்த சில நாட்களில் ஒரு தடை வந்தது. மக்கள் விதைகளின்மேல் நடக்கலாம், கையால் அளையலாம் என்பதே முதல் ஏற்பாடு. நடந்தபோது எழுந்த பீங்கான் தூசு மூச்சுக்குக் கேடு என்று கண்டு, கலைக்கூடத்தார் உள்ளே நடப்பதை நிறுத்திவிட்டனர். அது தக்க செயலே. ஆனால் ஒரு மணி நேரம் உலாவிச் செல்வோர்க்கு ஆகாத தூசு, ஆயுள் முழுவதும் அதனிடையே இருப்போர்க்கு என்ன செய்யும்? மண்பொடியிலுள்ள சிலிக்கா நுரையீரலை இறுகச் செய்வது பீங்கான் தொழிலாளரின் பழைய நோய். ஜின்னிங் ஆலையில் இருமும் நம் அங்கத்தினர் இதனை எளிதில் உணர்வர்.

2011 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் 100 கிலோ விதை 3,49,250 பவுனுக்கு விலைபோயிற்று. கிலோவுக்குச் சுமார் 3,490 பவுன். மறு ஆண்டில் டேட் நிறுவனமே ஏறக்குறைய 80 லட்சம் விதைகளை வாங்கிக்கொண்டது. படைப்பு ஐ வெய்வெய் பெயரில் நிற்கிறது. கற்பனை அவருடையது, முதலும் துணிவும் அவருடையவை, அதில் எனக்கு மாறுபாடில்லை. தீட்டியவர்களை அவர் மறைக்கவுமில்லை; அவர்கள் வேலை செய்யும் காட்சியைப் படமெடுத்து விதைகளுக்கு அருகிலேயே காட்டச் செய்தார். ஆயினும் முகத்தைக் காட்டுவது வேறு, பெயரைப் பதிவது வேறு.

அவ்வூர்க்காரர் நிலை இரங்கத்தக்கது. 1950-களில் சீனத்தின் கைத்தொழிலாளர் கூட்டுறவுகளில் சேர்க்கப்பட்டனர். பின்னர் ஜிங்தேஜெனில் பெரிய அரசு ஆலைகள் தோன்றின. 1990-களில் அவை மூடப்படவே பலர் வேலையிழந்தனர். இன்று பல தேசக் கலைஞர்கள் அங்கே வருகிறார்கள். கரோலின் செங் என்பவர் துணி அங்கியின்மீது ஆயிரக்கணக்கான பீங்கான் வண்ணத்துப்பூச்சிகளைத் தைத்துச் செய்த படைப்பு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இவர்களால் ஊருக்கு வேலை கிடைப்பது உண்மை. ஆனால் ஒருவர் தரும் ஆர்டர் முடிந்த மறுநாள் சூளை அணைந்துவிடும். சங்கமாக நின்று ஆர்டரை ஏற்றால் பேரம் பேசலாம். வேலையில்லாத மாதத்திற்கென்று ஒரு நிதியும் ஒதுக்கலாம்.

சென்ற மாதம் ஆய்வுக்குப் போயிருந்த நெசவாளர் சங்கம் ஒன்றில் இக்கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மூத்த நெசவாளர் ஒருவர், “ஐயா, ஆயிரம் சேலையைக் கலந்து போடுங்கள்; என் கரை எது என்று நான் எடுத்துத் தருவேன். அந்த அம்மாளும் தன் விதையை எடுத்துத் தருவாள். வாங்குகிறவருக்குத்தான் தெரியாது” என்றார். அச்சங்கத்துச் சேலைச் சீட்டில் இதுவரை தறி எண் மட்டுமே எழுதப்படுகிறது. நெய்தவர் பெயரையும் எழுதவேண்டும் என்ற தீர்மானம் அடுத்த மகாசபையில் விவாதத்திற்கு வருகிறது. சீட்டு அச்சடிக்கும் செலவு கூடும் என்று காரியதரிசி ஆட்சேபித்திருக்கிறார்.