கருப்பட்டி வைத்த சொக்லேட் உருண்டை

அன்று காலையிலிருந்தே மழை. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றின் பழைய பிள்ளை மடுவத்தில் பன்னிரண்டு பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். மேசையில் அடுப்பு, அதன்மேல் சுடுதண்ணீர்ச் சட்டி, அதற்கும் மேல் ஒரு கோப்பையில் உருகிக்கொண்டிருந்த 200 கிராம் சொக்லேட்.

"இதன் பெயர் ட்ரபிள்" என்றேன்.

"என்ன மிஸ், நமக்கு இருக்கிற ட்ரபிள் போதாதா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரான்ஸ் நாட்டில் நிலத்துக்கடியில் விளையும் விலையுயர்ந்த ஒரு காளானின் பெயர் அது. மண் அப்பிய அந்தக் காளானைப் போல இந்த இனிப்பும் கொக்கோத் தூளில் புரண்டு கரடுமுரடாக இருப்பதால் அதே பெயர் வந்தது என்று விளக்கினேன்.

சொல்லி முடிப்பதற்குள் கூரை ஒழுகி, இரண்டு சொட்டு மழைத்தண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது. பளபளவென்று இருந்த சொக்லேட் சில நொடிகளில் ஈர மண்ணைப் போலத் திரைந்து கட்டிபட்டுவிட்டது. அந்தச் சொக்லேட்டை என் சொந்தக் காசில் வாங்கியிருந்தேன். பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள்.

பின்வரிசையில் நின்ற ஒரு அக்கா மெதுவாக முன்னால் வந்தார். "மிஸ், சீனிப்பாகு திரைஞ்சா நாங்க இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்திக் கிண்டுவம். இதுக்கும் பாலை ஊத்திப் பாப்பமா?" என்றார். சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிண்டினோம். சொக்லேட் மறுபடியும் வழுவழுப்பானது. காரணத்தைப் பின்னர் அவர்களுக்கு விளங்கப்படுத்தினேன். உருகிய சொக்லேட்டில் இருப்பது கொழுப்பும், அதில் மிதக்கும் கொக்கோ, சீனித் துகள்களும்தான். சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்தத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் திரவம் சேர்த்தால் அவை கரைந்து பிரிந்துவிடும். அக்கா அனுபவத்தில் அறிந்திருந்ததை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

யார் இந்த அக்கா?

அவருடைய பெற்றோர் இரத்தினபுரித் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர்கள். 1981ஆம் ஆண்டு ஆவணி மாதம் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டங்களில் நடந்த வன்செயலில் லயம் எரிந்தது. உடுத்த உடுப்போடு வவுனியாவுக்குப் போனார்கள். 1977இலும் 1983இலும் இப்படிப் போன மலையகக் குடும்பங்கள் ஏராளம். அக்கா பிறந்தது வவுனியாவில், வாழ்க்கைப்பட்டது கிளிநொச்சியில். 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் கணவர் ஷெல் விழுந்து இறந்தார். மூன்று வயது மகனோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனார். பின்னர் 2011இல், எந்த மாகாணத்திலிருந்து பெற்றோர் துரத்தப்பட்டார்களோ அதே சப்ரகமுவவுக்கு, கேகாலைத் தோட்டத்திலுள்ள பெரியம்மாவின் லயன் அறைக்குத் திரும்பி வந்தார்.

தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் இல்லை. ஆகவே பக்கத்துச் சிறு தோட்டங்களில் நாட்கூலிக்குக் கொழுந்தெடுப்பார், இறப்பர் பால் வெட்டுவார். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் நுண்கடன் தவணை மட்டும் மழை பார்க்காமல் கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்துவிடும். 2023இல் நான் அவரைச் சந்தித்தபோது மகனுக்குப் பதினேழு வயது. அவனுடைய ரியூசன் காசுதான் அவருடைய பெரிய கவலை.

தையலும் கோழி வளர்ப்பும் போதாதா, சொக்லேட் எதற்கு என்று என் அலுவலகத்திலும் கேட்டார்கள். பெண்களின் பதில் தெளிவாக இருந்தது. லயங்களில் பிறந்தநாள் உண்டு, சடங்கு உண்டு, தீபாவளி, நத்தார் உண்டு. அதற்கெல்லாம் பஸ் ஏறி நகரத்தில் இனிப்பு வாங்குகிறார்கள். அந்தக் காசு தோட்டத்துக்குள்ளேயே சுற்றினால் என்ன?

நமக்கு ஏற்ற செய்முறை

பால் ஆடையும் சொக்லேட்டும் சேர்த்துச் செய்யும் ட்ரபிளுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 பாகை வெப்பத்தில் உருகிவிடும். அதனால்தான் அது வாயில் கரைகிறது. அதனாலேயே பகல் வெயிலில் கையிலும் கரைகிறது. லயத்து அடுப்படிக்குப் பொருத்தமானது பிரேசில் நாட்டுப் பெண்களின் வழிதான். அங்கே டின் பாலையும் கொக்கோத் தூளையும் காய்ச்சி உருட்டும் இனிப்புக்குப் பிரிகடெய்ரோ என்று பெயர். 1945ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட பிரிகேடியர் எடுவார்டோ கோமஸின் நினைவாக வந்த பெயர் அது. அவரை ஆதரித்த பெண்கள் இதைச் செய்து விற்றுத் தேர்தலுக்குப் பணம் சேர்த்ததாகச் சொல்வார்கள். அவர் தோற்றார், இனிப்பு நிலைத்துவிட்டது.

தேவையான பொருட்கள் (சுமார் 30 உருண்டைக்கு)

இனிப்பூட்டிய டின் பால் – 1 டின் (சுமார் 390 கிராம்)
கொக்கோத் தூள் – 3 மேசைக்கரண்டி
பட்டர் – 1 மேசைக்கரண்டி
பொடித்த மாரி பிஸ்கட் – 1 கப்
உப்பு – ஒரு சிட்டிகை
மேலே புரட்ட – கொக்கோத் தூள் அல்லது ஈரமில்லாமல் வறுத்த தேங்காய்ப்பூ

செய்முறை

கொக்கோத் தூளை அரித்து, கொஞ்சம் டின் பாலில் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். அடி கனமான சட்டியில் மிகுதிப் பால், பட்டர், உப்பு ஆகியவற்றோடு சேர்த்து மெல்லிய நெருப்பில் வையுங்கள். கையெடுக்காமல் கிண்ட வேண்டும். கைவிட்டால் அடிப்பிடிக்கும், புகை மணம் வந்துவிட்டால் திருத்த முடியாது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கலவை தடிக்கும். அகப்பையால் நடுவில் கோடு இழுத்தால் சட்டியின் அடி தெரிந்து, கலவை மெதுவாக வந்து மூட வேண்டும். அதுதான் பதம். இறக்கி பிஸ்கட் தூளைச் சேர்த்துக் கிளறுங்கள். ஈரக்காற்றில் உருண்டை இளகாமல் காப்பது இந்தப் பிஸ்கட் தூள்தான். பட்டர் தடவிய தட்டில் கொட்டி நன்றாக ஆற விடுங்கள். பிறகு கையில் பட்டர் தொட்டு, பாக்களவு உருட்டி, தூளில் புரட்டி எடுங்கள்.

வாசனைகள்

ஒரு சட்டிக் கலவையை மூன்றாகப் பிரித்தால் மூன்று ருசி கிடைக்கும். வாசனை எசன்ஸ் வாங்கத் தேவையில்லை. ஒரு பங்குக்குக் கால் தேக்கரண்டி ஏலப்பொடி போடலாம். அல்லது கறுவாத் தூளோடு ஒரு கராம்பைப் பொடித்துச் சேர்க்கலாம். அல்லது வேர்க்கொம்புத் தூள் அரைத் தேக்கரண்டி. தோடம்பழத் தோலின் மேற்பகுதியை மட்டும் துருவிப் போட்டால் நல்ல மணம். உள்ளேயுள்ள வெள்ளைத் தோல் கசக்கும். வறுத்து இடித்த கச்சானும் சேரும். கச்சான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆகவே அதை வேறாக வைத்து பக்கற்றில் எழுதிவிட வேண்டும்.

இவையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தவை. ஆனால் எல்லோரும் திரும்பக் கேட்பது அக்கா கண்டுபிடித்த ருசியைத்தான்.

சப்ரகமுவ கித்துளுக்குப் பேர்போன இடம். கித்துல்கல என்ற ஊர்ப் பெயரே அந்த மரத்தின் பெயரைக் கொண்டது. அன்று அக்கா கித்துள் கருப்பட்டியை மொச்சைக் கொட்டையளவு துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு இஞ்சி உருண்டையின் நடுவிலும் ஒன்று வைத்து மூடினார். ஏன் என்று கேட்டேன். உருட்டிக்கொண்டே சொன்னார்.

"பங்கருக்குள்ள இருக்கேக்க மகன் டொபி கேட்டு அழுதான் மிஸ். சீனி விக்கிற விலைக்குக் கிட்டப் போகேலாது. என்ட சேலைத் தலைப்பில ஒரு துண்டு கருப்பட்டி முடிஞ்சு வச்சிருந்தன். அதைக் கடிச்சுக் கடிச்சு ஒவ்வொரு துண்டாக் குடுத்தன். மூண்டு நாளைக்கு வந்தது."

ஒருவரும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற பெரியம்மா மட்டும் இன்னொரு கருப்பட்டித் துண்டை உடைத்து அவர் முன்னால் தள்ளினார்.

நான் விட்ட பிழை

ருசியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தீபாவளிக்கு நகரத்துக் கடையொன்றில் பேசி, 200 உருண்டைகளுக்கு ஓடர் எடுத்தேன். அக்கா கடனுக்குச் சாமான் வாங்கினார். இரண்டு தவறுகள் நடந்தன. அழகுக்காக உருண்டைகளைக் கருப்பட்டித் தூளில் புரட்டினோம். கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு நாளில் எல்லாம் வியர்த்து ஒட்டிக்கொண்டன. மற்றது, காசு எப்போது தருவார்கள் என்று நான் எழுத்தில் வாங்கவில்லை. பாதியைத் திருப்பி அனுப்பினார்கள். மிகுதிக்கும் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அந்தக் கிழமைத் தவணைக்கு அக்கா தன் தோட்டை அடகு வைத்தார். என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டம் பெற்றவள் நான். ஆனால் நட்டம் வந்தது அவருக்கு. அதன்பின் எந்தக் குழுவுக்கும் முதல் ஓடரைக் கடனில் எடுக்க நான் சொல்வதில்லை.

கணக்குப் பார்ப்போம்

சகோதரிகளே, நாம் செய்யும் பெரிய தவறு நம்முடைய உழைப்பைக் கணக்கில் சேர்க்காததுதான். ஒரு உதாரணம் பாருங்கள். 30 உருண்டைக்குச் சாமான் 1,200 ரூபா, எரிபொருள் 100, பெட்டியும் கடதாசியும் 200 என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை மணித்தியால வேலைக்கு மணிக்கு 200 வீதம் 500. மொத்தம் 2,000. ஒன்றின் அடக்கவிலை கிட்டத்தட்ட 67 ரூபா. 50 ரூபாவுக்கு விற்றால் 1,500 ரூபா கையில் வரும். சாமான், எரிபொருள், பெட்டிக்குப் போட்ட காசு அதோடு சரி. நம் கூலி போய்விடும். 80 ரூபாவுக்கு விற்றால் கூலியும் கிடைத்து 400 ரூபா மிஞ்சும். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

கொக்கோ விலை ஏறி இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் விளைகிறது. அங்கே விளைச்சல் குறைந்ததால் 2024இல் ஒரு தொன் 10,000 டொலரைத் தாண்டியது. அந்தத் தோட்டங்களில் உழைப்பவர்களில் பலர் சொக்லேட்டை வாங்கித் தின்ன வசதியில்லாதவர்கள். நல்ல தேயிலையைப் பறித்துக் கொடுத்துவிட்டுத் தூசித் தேயிலையில் சாயம் குடிக்கும் நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையிருக்கவில்லை. நம் நாட்டிலும் மாத்தளை, கண்டி, கேகாலைப் பகுதிகளில் கொக்கோ விளைகிறது.

விற்பனைக்குச் செய்பவர்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிவது பற்றியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சுத்தம், பொதி செய்தல் பற்றியும் கேட்டறியுங்கள். விதாதா வள நிலையத்திலும் உணவுத் தயாரிப்புப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். பக்கற்றில் பொருட்கள், நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, விலை, விலாசம் இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் மூன்று நாளுக்கு மேல் வைத்து விற்க வேண்டாம்.

அக்கா இப்போது கடைகளுக்குக் கொடுப்பதில்லை. முற்பணம் தருபவர்களுக்கு மட்டும், சனிக்கிழமைகளில் செய்கிறார். தோட்டைச் சித்திரையில் மீட்டுவிட்டார். கடன் முற்றாகத் தீரவில்லை, குறைந்திருக்கிறது. மகனுடைய ரியூசன் காசை இந்த இனிப்புத்தான் கட்டுகிறது. அவனுக்குப் பங்கர் ஞாபகமில்லையாம். ஆனால் பெட்டி கட்டும்போது கருப்பட்டி வைத்த உருண்டை இரண்டு குறையாமல் காணாமல் போய்விடும் என்று அக்கா சிரிக்கிறார்.

நீங்களும் ஒரு டின் பாலோடு தொடங்குங்கள். முதல் சட்டியை உங்கள் பிள்ளைகளுக்கே கொடுங்கள். மழை நாளாக இருந்தால், அடுப்பை மட்டும் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து வையுங்கள்.