துப்பாக்கி தூக்கிய பிள்ளைகள் – 7: அவனுக்கு என்ன வயது?

1982 மே 19. தியாகராய நகர் பாண்டி பஜாரில் துப்பாக்கி வெடித்தது. மோதிக்கொண்டவர்கள் புலிகளின் தலைவர் பிரபாகரனும் புளொட் தலைவர் உமா மகேஸ்வரனும். ஒரே இயக்கத்தில் இருந்து பிரிந்தவர்கள். போலீஸ் பிடித்தது, ஜாமீன் கிடைத்தது. இந்தக் கதை சென்னையில் பலருக்கும் தெரியும். இவர்களை நம்பிப் பின்னால் வந்த பையன்களின் கதை அந்த அளவுக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு இலங்கையில் ஜூலைக் கலவரம். கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. யாழ்ப்பாணத்தில் ராணுவம் வீதியில் அகப்பட்டவர்களைச் சுட்டது. தமிழ்ப் பையனாக இருப்பதே சந்தேகத்துக்குப் போதுமான காலம் அது. ஓ.எல். பள்ளித் தேர்வு எழுதியவர்களும் எழுதாதவர்களும் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இரவோடு இரவாகப் படகேறினார்கள். வேதாரண்யத்திலும் ராமேஸ்வரத்திலும் கரையேறி, பலர் பயிற்சி முகாம்களுக்குப் போனார்கள். புலிகளுக்கு மேட்டூர் பக்கம் கொளத்தூர், புளொட்டுக்கு ஒரத்தநாடு. தலைவர்களுக்கு மட்டும் சென்னை. புலிகளின் அலுவலகம் அடையாறு இந்திரா நகரில் இருந்தது. நம் மேடைகள் வீரத்துக்குக் கைதட்டின. வயதைப் பற்றிய கேள்வி அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை.

ஒரத்தநாட்டு முகாம்களில் சொந்தத் தோழர்களையே வதைத்த கொடுமையை 1985இல் ‘புதியதோர் உலகம்’ நாவலில் கோவிந்தன் எழுதினார். அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி பதின்வயதிலேயே புலிகளில் சேர்ந்து, வெளியேறி, 1993இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். அவருடைய ‘கொரில்லா’ நாவலின் ரொக்கிராஜ் அப்படி இயக்கத்துக்குப் போன ஒரு பையன்தான். 2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் நாயகனும் ஷோபாசக்தியே.

தாங்களாகப் போன பையன்களின் காலம் ஒருநாள் முடிந்தது; பிள்ளைகளைப் பிடித்துப் போகும் காலம் வந்தது. 17 வயது ஆகாதவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று 1998 மே மாதம் ஐ.நா. பிரதிநிதி ஒலாரா ஒட்டுன்னுவிடம் புலிகள் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. 2003 முதல் 2008 இறுதிவரை 6,000க்கும் மேற்பட்ட சிறுவர் சேர்ப்புகளை யுனிசெஃப் பதிவு செய்தது. புலிகளிலிருந்து பிரிந்த கருணா அணியும் கிழக்கில் சிறுவர்களைப் பிடித்தது. வன்னியில் தாய்மார்கள் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். மணமானவர்களைப் பிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், படிக்கிற வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். விடுதலைக்காகத் தொடங்கிய ஒரு போர் தன் பிள்ளைகளையே பெற்றவர்களிடமிருந்து பறித்தது. இதற்கு எந்த நியாயமும் இல்லை. ஈழத்தின் மீது பாசமுள்ள நாம்தான் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

1983இல் பதினாறு வயதில் கரையேறிய பையனுக்கு இப்போது ஏறக்குறைய அறுபது வயது. அன்று அடையாறிலும் கோடம்பாக்கத்திலும் இயக்கங்களுக்கு வீடு கொடுத்தவர்கள், முகாமுக்கு அரிசி மூட்டை ஏற்றியவர்கள், காயத்துக்கு மருந்து கட்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். நினைவில் இருப்பதை எங்களுக்கு எழுதுங்கள். பையனின் பெயர் வேண்டாம். பார்த்த அன்று அவனுக்கு எத்தனை வயதிருக்கும் என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.