மண்ணில் முடங்கும் மணிச்சத்து

பயிர்களுக்கு வேண்டிய பிரதான சத்துக்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என மூன்றாகும். இவற்றுள் மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸின் சுபாவம் ஏனையவற்றினின்றும் வேறானது. விவசாயி பணங்கொடுத்து வாங்கியிடும் மணிச்சத்தில் முதற்போகப் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரையில்தான். எஞ்சியது மண்ணிலேயே முடங்கிவிடுகிறது. இவ்வுரத்துக்கு வேண்டிய பாறைப் பாஸ்பேட்டில் பெரும்பகுதி அந்நிய நாடுகளிலிருந்து தருவிக்கப்படுவதால், மிராசுதாரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவ்விஷயத்தைக் கவனித்தல் அவசியம்.

பயிருக்கு இதனாலாவது யாது?

வேர் ஓடுவதற்கும், தூர் வெடிப்பதற்கும், மணி பிடிப்பதற்கும் இச்சத்து இன்றியமையாதது. இலைகள் சூரிய வெளிச்சத்தினின்று பெறும் சக்தியைப் பயிரின் காரியங்களுக்கு உதவச் செய்வதும் இதுவே. பயிர் முற்றும் தருணத்தில் இதன் பெரும்பகுதி விதையைச் சேர்ந்து, மறுபடி முளைக்கும் நாற்றுக்கு முதல் ஆகாரமாகிறது. இது குறைந்தால் பயிர் குன்றி இலை கரும்பச்சையாகும். நெல்லில் தூர் குறைந்து, கதிர் முற்ற நாளாகும். மக்காச்சோளத்தில் அடியிலைகள் ஊதா நிறமடையும். பழைய இலைகளிலுள்ள சத்தைப் பயிர் குருத்துக்கு அனுப்பிவிடுவதால், அறிகுறி முதலில் அடியிலைகளிலேயே தோன்றும்.

வேர் கிரகிக்கும் விதம்

தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட் நீரில் கரைந்து நீரோடு வேரை வந்தடையும். மணிச்சத்து அவ்வாறு வருவதில்லை. புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்பும் அதைப் பற்றிக்கொள்கின்றன. கார அமில நிலை 6 முதல் 7 வரையுள்ள மண்ணில் அது ஓரளவு எளிதாகக் கிடைக்கும். வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்திலுள்ள சத்துத் தீர்ந்ததும், வேர் வளர்ந்து புது மண்ணை எட்டியாகவேண்டும். ஆகவே, உரம் வேரைத் தேடிச் செல்வதில்லை. வேரே உரத்தைத் தேடிச் செல்கிறது.

இதற்கு இயற்கை சில உபாயங்களை வைத்துள்ளது. வேரோடு கூடி வாழும் ஒருவகைப் பூசணம் நூலிழைகளை நீட்டி, வேர் எட்டாத இடத்துச் சத்தையும் கொணர்ந்து தருகிறது. துவரையின் வேர் பிசிடிக் அமிலம் என்பதைக் கசியவிட்டு, இரும்போடு பிணைந்த மணிச்சத்தை விடுவிப்பதாக ஹைதராபாத்தையடுத்த பட்டான்செருவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1990-ல் வெளியிட்டனர். துவரையை மாற்றுப் பயிராகவோ ஊடுபயிராகவோ சாகுபடி செய்வதில் இவ்வனுகூலமும் உண்டு.

நெல்லும் உளுந்தும்

வயலில் நீர் நிற்கையில் மண்ணுள் காற்றுப் புகாமையால் இரும்பு உருமாறி, தான் பற்றியிருந்த மணிச்சத்தை விட்டுவிடும். நெல் இதனால் பயனடைகிறது. நீர் வடிந்து மண் காய்ந்ததும் இரும்பு அதை மறுபடியும் பற்றிக்கொள்ளும். நெல்லுக்குப் பின் தரிசில் விதைக்கும் உளுந்து இக்காலத்தில்தான் வேரூன்றவேண்டியிருக்கிறது. அடியுரமிட்டு உழுவதற்கும் அங்கு வழியில்லை. ஆதலால் மண்ணை விடுத்து இலை வழியே சத்தூட்டுதல் உசிதம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை 10 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, காலையில் தெளிவை வடிகட்டி 200 லிட்டராக்கி, பூக்கும் தருணத்தில் ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் தெளிக்கவேண்டும்.

செய்யவேண்டுவன

கோயமுத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரீட்சையில், மணிச்சத்தை விடுத்து மற்ற உரங்களை மட்டும் இட்ட பாத்திகள் பின்தங்கின. ஆயினும் அளவின்றி இடுவதும் தீதே. மிகையான மணிச்சத்து துத்தநாகக் குறையை உண்டாக்கும். மழையில் அரித்துச் செல்லும் மண்ணோடு ஏரி குளங்களைச் சேர்ந்து பாசியையும் பெருக்கும். எனவே:

1. மண்ணைப் பரீட்சை செய்த பின்னரே அளவை நிர்ணயிக்கவும். பல்லாண்டு இட்டுவந்த நிலங்களில் சேமிப்பு மிகுந்திருந்தால் குறைத்துக்கொள்ளலாம்.

2. முழு அளவையும் அடியுரமாகவே, விதை வரிசைக்கு அருகில் மண்ணுள் படும்படி இடவும்.

3. மானாவாரி நிலத்துக்கு, சூப்பர் பாஸ்பேட்டை ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து ஒரு மாதம் மூடிவைத்து இடவும்.

4. பாஸ்போபாக்டீரியாவை இரசாயன உரங்களுடன் கலவாமல் தொழுவுரத்தோடு இடவும்.

5. எலும்பையும் மீன் கழிவையும் வீணாக்கவேண்டாம். அடையாறு கடலோடு கலக்குமிடத்தருகே ஊரூர் ஒல்காட் குப்பம் உள்ளது. அதைப் போன்ற மீனவர் குப்பங்களில் எஞ்சும் முள்ளும் தலையும் மணிச்சத்து மிகுந்தவை. நிலத்திலிருந்து ஆற்றோடு கடல் சேர்ந்த சத்தில் ஒரு சிறு பகுதி இவ்வழியே கரை திரும்புகிறது. உப்பிட்ட கழிவை நீக்கி, மற்றதைக் குப்பையோடு மக்கவைத்து இடலாம். எலும்பும் முள்ளும் புளிப்பு மண்ணில் விரைவாகவும், சுண்ணாம்பு மண்ணில் மிகத் தாமதமாகவும் பலன் தரும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் அறுவடை முடிந்ததும் தத்தம் கிராமத்து மண் மாதிரிகள் பரிசோதனைக்குச் செல்லுமாறு ஏற்பாடு செய்வார்களாயின், வீண் செலவு குறைவதோடு, முடங்கிக் கிடக்கும் முதலும் பயன்படும்.