பெட்டி சொல்லும் பொய்

2011-ல் பதிவான டீசல் கார்களுக்கு 2026-ல் ஆர்.சி. புதுப்பிக்கும் கெடு. அதையொட்டிக் குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கமிருந்து வரும் கடிதங்கள் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: பிக்கப்புக்காக மாட்டிய ‘டியூனிங் பாக்ஸ்’ இன்ஜின் ஆயுளைத் தின்னுமா?

காமன் ரெயில் குழாயில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் ஏறும். எவ்வளவு என்று ஒரு சென்சார் அளந்து, இன்ஜினை ஆளும் கணினியான இ.சி.யு.வுக்குச் சொல்லும். பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு குறைத்துச் சொல்கிறது. 1,200 பார் இருந்தால் ‘1,100தான்’ என்கிறது. இ.சி.யு. அதை நம்பி அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் அதேதான். உள்ளே போகும் டீசல் கூடிவிடுகிறது.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பொய் அங்கேயே நிற்பதில்லை. டேஷ்போர்டில் மைலேஜ் காட்டும் வண்டிகளில், அது இ.சி.யு. தான் கொடுத்ததாக நினைக்கும் டீசலை வைத்துப் போடும் கணக்கு. கூடுதலாகப் போனது அதில் ஏறாது. ‘பவரும் கூடும், மைலேஜும் கூடும்’ என்பதற்குச் சாட்சியாகக் காட்டப்படுவது பல நேரம் இந்த எண்தான். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பாருங்கள்.

‘கம்பெனி பூட்டி வைத்த பவரைத் திறக்கிறோம்’ என்பது அடுத்த வாசகம். ஃபியட்டின் 1,248 சிசி டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட்டில் 75 குதிரைத்திறனும் எர்டிகாவில் 90-ம் தந்தது உண்மை. ஆனால் 90-க்கு டர்போவே வேறு, வேரியபிள் ஜியாமெட்ரி வகை. காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் ஊற்றினால் மிச்சம் கரும்புகை. எரிந்து வெளியேறும் வாயுவின் சூடும் ஏறும். பிஸ்டனும் டர்போவும்தான் அதைத் தாங்க வேண்டும். தறி மோட்டாருக்குப் பெரிய புல்லி போட்டால் ஓட்டத்தோடு இழை அறுவதும் கூடும் என்பதைக் குமாரபாளையத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயுள் இத்தனை கிலோமீட்டர் குறையும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பவானிக்குப் போய்வரும் வண்டிக்குக் கூடுதல் சூடு சில விநாடிதான். ஐந்து பேரோடு, ஏ.சி. போட்டுக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் அது விடாமல் நிற்கும். பெரும்பாலும் முதலில் வழுக்குவது கிளட்ச். அப்போதே பெட்டியைக் கழற்றுபவர் பிழைத்தார்.

புகைச் சான்று இருக்கிறதே? நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்து எடுக்கும் சான்று அது. பாரத்தோடு மேடேறும் வண்டி எப்படிப் புகைக்கும் என்று அதற்குத் தெரியாது.

சட்டம்? இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும் பெட்டியை யார் தேடுவார்கள் என்பது வேறு விஷயம்.

இன்சூரன்ஸ்? மறைத்தால் கிளெய்மில் தகராறு வரும்.

‘ஸ்டேஜ் 1’ என்றால்? முதல் கட்ட டியூனிங்குக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர்.

டர்போ இல்லாத பெட்ரோல் காருக்கு, இ.சி.யு. மென்பொருளையே மாற்றும் ரீமேப்? காசுக்கேற்ற பலன் இல்லை.

ஏர் ஃபில்டர் மட்டும் மாற்றினால்? சத்தம் கூடும்.