தையல் டேப்போடு மோட்டார் பார்க்கப் போனோம்

"அக்கா, நீங்கதான் அவன்கிட்ட பேசணும். நான் சொன்னா கேக்க மாட்டான்." சித்தி போன் செய்தபோது அதிகாலை நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சித்திக்கே நான் அக்காதான். மகன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். தம்பிக்கு 24 வயது. கிள்ளானில் வீடு, ஷா ஆலாமில் வேலை. கெப்சாயை விற்றுவிட்டு 'சுப்பர்மோட்டோ' வாங்கப் போகிறானாம்.

சித்திக்கு அந்தப் பெயரே பயம். 'சுப்பர்' என்றால் பறக்குமே!

அவ்வளவு பறக்காது. தம்பி கேட்டது கவாசாக்கி டி-டிராக்கர். 249 சிசி, ஒற்றை சிலிண்டர், தண்ணீரில் குளிரும் எஞ்சின், ஆறு கியர். பி2 லைசென்சே போதும். ஜப்பானில் விற்ற மாடலின் விவர ஏட்டில் சக்தி 24 குதிரைத்திறன்தான். 250 சிசி ஸ்போர்ட்ஸ் மோட்டார்கள் பலவற்றில் இதைவிட அதிகம்.

இந்த வகை மோட்டார் பிறந்த கதை சுவையானது. 1979-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று, எல்லா வகை ஓட்டத்திலும் வல்லவர் யார் என்று பார்க்க கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் ஒரு பந்தயம் வைத்தது. பாதி தார், பாதி மண். அதற்காக மண் மோட்டாரில் சாலை டயரை மாட்டினார்கள். அந்தக் கலப்புதான் சுப்பர்மோட்டோ.

டி-டிராக்கரும் அப்படித்தான். அதன் அண்ணன் கேஎல்எக்ஸ் 250 காட்டுப் பாதைக்கானது. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான். அண்ணனுக்கு முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18. தம்பிக்கு இரண்டும் 17, அகலமான சாலை டயர். அதனால் வளைவில் சட்டென்று திரும்பும்.

என்னைக் கேட்டால், விவர ஏட்டில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். கேஎல்எக்ஸின் முன் டிஸ்க் 250 மில்லிமீட்டர். டி-டிராக்கருக்கு 300. மண்ணில் பிரேக் வேகமாகப் பிடித்தால் சக்கரம் வழுக்கிவிடும்; சிறிய தட்டே போதும். தாரில் டயர் நன்றாகப் பிடிக்கும். அந்தப் பிடிப்பை முழுசாகப் பயன்படுத்தப் பெரிய தட்டு வேண்டும். விரலால் லேசாக அழுத்தினாலே வண்டி நிற்கும்.

சனிக்கிழமை இருவரும் அந்த செகண்ட் ஹேண்ட் மோட்டாரைப் பார்க்கப் போனோம். கையில் சித்தியின் தையல் டேப். விற்பவர் 'ஒரிஜினல் சுப்பர்மோட்டோ' என்றார். 17 அங்குல ரிம், புது ஸ்டிக்கர், பார்க்க ஜோர். டேப்பை டிஸ்க்கின் குறுக்கே வைத்தேன்: 25 சென்டிமீட்டர்.

அண்ணனுக்குத் தம்பியின் சட்டையைப் போட்டிருக்கிறார்கள்!

சக்கரம் மாற்றுவதே தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பிரேக் பழையதாக இருந்தால், ஃபெடரல் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கும்போதுதான் தெரியும். இன்னொன்று, முன்சக்கரத்தை வைத்து வேகத்தைக் கணக்கெடுக்கும் மீட்டரைச் சரிசெய்யாமல் விட்டால், 80-இல் போனாலும் 90-ஐத் தாண்டிக் காட்டும். சிறிய சக்கரம் கூடுதலாகச் சுற்றுமே. கிராண்டில் உள்ள மாடல் பெயரும் பொருந்தாது; விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

தம்பி முகம் தொங்கிப்போனது. "ஒருதடவை ஏறி உட்கார்றேன்கா" என்றான். நுனிக்கால்தான் தரையைத் தொட்டது. அசல் டி-டிராக்கரிலேயே இருக்கை உயரம் 860 மில்லிமீட்டர். கேஎல்எக்ஸ் அதைவிட உயரம். தினமும் சிக்னலில் நிற்கிறவன் இதை யோசிக்க வேண்டாமா? மழையில் பின்னால் சித்தியையும் ஏற்றிக்கொண்டு?

எண்ணெய்த் தொட்டியும் 7.7 லிட்டர்தான். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 190 சொச்சம். வேலைக்குப் போய்வரத் தாராளம். ஈப்போவுக்கு நண்பர்களோடு போனால் வழியில் நிறுத்தியே ஆக வேண்டும்.

அன்று வாங்கவில்லை. திரும்பும் வழியில் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தி எனக்கு மீன் கறி அனுப்பினார். மகன் மனம் மாறிவிட்டான் என்று நினைத்துவிட்டார் போல.

நேற்று மறுபடி போன். "அக்கா, என் தையல் டேப்பைக் காணோம். உங்ககிட்ட இருக்கா?"

என்னிடம் இல்லை.