ஒரகடத்துக்கு அடியில்

நிலத்தடி நீர்த் தொடர் – 9

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நின்றால் கொஞ்ச நேரத்துக்குக் கம்பெனி பஸ்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்கிற இடம் அது. பஸ்கள் ஓய்ந்த பிறகுதான் தண்ணீர் லாரிகள் தெரிய ஆரம்பிக்கும். பின்பக்கம் சுருட்டிக் கட்டிய ஹோஸிலிருந்து தண்ணீர் சொட்டி, ரோட்டில் ஈரக்கோடு போட்டுக்கொண்டே போகும். விடுதிக்குப் போகும், மெஸ்ஸுக்குப் போகும், கட்டடம் எழும்புகிற இடத்துக்குப் போகும். காலியாகத் திரும்புகிற லாரி எங்கே போகிறது என்று பார்க்க ஒருநாள் பின்னாலேயே போனேன். பெரிய சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரை ஓரமாகவே போய், முன்பு வயலாக இருந்த ஓரிடத்தில் நின்றது. ஒரு மோட்டார் ரூம், ஒரு போர், ஆள் உயரத்துக்கு மேலே வளைந்து நிற்கிற ஒரு குழாய். மூடியைத் திறந்தார்கள், மோட்டாரைப் போட்டார்கள். நிரம்பியதும் அது நகர, அடுத்தது வந்து நின்றது.

அங்கேயே திண்டில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-இல் ஒரு வாய்பாடு கொடுத்தது. எந்த மண்ணில், எந்தப் பாறையில் பெய்கிற மழையில் நூற்றுக்கு எவ்வளவு உள்ளே இறங்கும் என்கிற வாய்பாடு. கிழக்குக் கரையோர வண்டல் மண்ணுக்கு 16. சார்னக்கைட் பாறைக்கு 5. ஒரகடத்துக்குக் கிழக்கே படப்பை, வண்டலூர் என்று போகப் போக அடியில் இருப்பது இந்தச் சார்னக்கைட்தான். வருஷத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், பாறைக்குள் போய்ச் சேர்வது 60 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 50 நடை.

இரண்டரை ஏக்கர் நிலம் ஒரு வருஷ மழையில் சேர்த்து வைப்பது ஐம்பதே லாரி. ஒரு போரிலிருந்து நாளைக்கு 20 லாரி ஏற்றினால் அது இரண்டரை நாளில் தீர்ந்துபோகும். அதே போர் வருஷத்தில் 300 நாள் ஓடினால், அதற்குத் தண்ணீர் சேர்த்துக் கொடுக்க 300 ஏக்கர் நிலம் வேண்டும். ஏரிக் கசிவும் பாசனக் கசிவும் இந்தக் கணக்கில் இல்லை, அவை தனி. ஏரிக்கரை ஓரத்துப் போருக்கு லாரிக்காரர்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவதற்குக் காரணமும் அந்தக் கசிவுதான். பக்கத்து ஏரி தூர்ந்தால் அந்தப் போரும் அதோடு போகும்.

சார்னக்கைட் நம் ஊர்க் கல். பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளில் கிடைப்பது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக்கு வைத்திருந்த கல் இந்த வகை என்று கண்டு, 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அவர் பெயரையே இதற்கு வைத்தார். இந்தப் பாறைக்குள் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல்குவாரிகளுக்குப் போகலாம். 2017-லும் 2019-லும் ஏரிகள் வறண்டபோது சென்னைக் குடிநீர் வாரியம் தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்த குவாரிகள் அவை. குவாரியின் சுவர் பூமியைக் கத்தியால் அறுத்து வைத்த மாதிரி இருக்கும். மேலே சில அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே கையால் உதிர்க்க முடிகிற கப்பி. பாறை மக்கி மண்ணாகிக்கொண்டிருக்கிற அடுக்கு. அதற்கும் கீழே நீலம் பாய்ந்த கருங்கல், சுத்தமாக, ஒரு சொட்டுக்குக்கூட இடம் கொடுக்காமல். ஆனால் அந்தக் கருங்கல்லில் அங்கங்கே மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடும். வெடிப்பு ஓடுகிற இடமெல்லாம் பாசி படிந்து கறுத்திருக்கும். மழை முடிந்து பல நாள் ஆகியும் விரல் வைத்தால் ஈரம் ஒட்டும். நம் போர்களில் வருவது கப்பியில் ஊறியதும் இந்த வெடிப்புகளில் கசிவதும்தான். அடியில் ஒரு நதி ஓடுகிறது, ஒரு கடல் இருக்கிறது என்கிற நினைப்பை அந்தச் சுவர் பத்து நிமிடத்தில் மாற்றிவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்தால் கதை வேறு. புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து சொன்ன களிப்பாறை அடுக்கு அது. ஊரின் பெயராலேயே ஸ்ரீபெரும்புதூர் படிவம் என்கிறார்கள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய செடிகளின் இலைத் தடங்கள் அதில் கிடைக்கின்றன. ராமானுஜர் பிறந்த ஊர் என்று ஊரே பெருமைப்படுகிறது, நியாயம்தான். அந்த இலைத் தடங்களையும் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது காட்டினால் நன்றாயிருக்கும். தண்ணீர் விஷயத்தில் இந்தக் களிப்பாறை தாராளமானது இல்லை. களி தண்ணீரைக் குடிக்கும், திருப்பிக் கொடுக்காது. இடையிடையே மணற்பாறை வந்தால் உண்டு, வராவிட்டால் ரிக் வண்டிக்குக் கொடுத்த காசு போனதுதான்.

தெற்கே வாலாஜாபாத் தாண்டினால் பாலாறு. வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கிற ஆறு என்று அதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஒரு கன மீட்டர் ஆற்று மணல் வடிந்து கொடுப்பது சுமார் 160 லிட்டர். மக்கிய பாறை 15-லிருந்து 30 லிட்டர் கொடுத்தாலே அதிகம். காஞ்சிபுரம் நகரம் ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் பாலாற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து குடிக்கிறது. பல்லாவரம், தாம்பரம் வரைக்கும் பாலாற்றுத் தண்ணீர் குழாயில் போனது இந்த மணலை நம்பித்தான். மணலை அள்ளிக்கொண்டு போனால் தண்ணீர் தங்குகிற பாத்திரமே போய்விடுகிறது. எத்தனை மழை பெய்தாலும் அது திரும்பி வராது.

பாலாறு எப்போதும் இதே வழியில் ஓடியதும் இல்லை. பழங்காலத்தில் வடகிழக்காகத் திரும்பி, இன்றைய கொசஸ்தலையாறு ஓடுகிற வழியாகக் கடலுக்குப் போயிருக்கிறது. கொசஸ்தலையாற்றுக்கு விருத்த க்ஷீர நதி, அதாவது பழைய பாலாறு, என்றே ஒரு பெயர் உண்டு. ஆறு இடம் மாறியது, மணல் அங்கேயே புதைந்து கிடந்தது. 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நடந்த ஆய்வில் அந்த மணலைத் தேடிப் பிடித்துத்தான் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்கள் உருவாயின. அதை அளவு தெரியாமல் இறைத்ததால் மீஞ்சூரில் கடல் நீர் என்ன செய்தது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம்: 1969-இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டர், 1983-இல் 9 கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது. இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, கண்டுபிடித்ததைக் காப்பாற்றத் தெரியாமல் போனது.

அடியில் இருப்பதை எப்படிப் பார்க்கிறார்கள்? தரையில் நான்கு இரும்பு முளைகளை வரிசையாக அடிப்பார்கள். வெளி முளை இரண்டிலும் மின்சாரம் விடுவார்கள், உள் முளை இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தை அளப்பார்கள். முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க, மின்சாரம் ஆழ ஆழப் போகும். கருங்கல் மின்சாரத்தைத் தடுக்கும், ஈர மணல் ஓரளவு விடும், களி நன்றாக விடும். உப்புத் தண்ணீரும் களியும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும் என்பதால், கருவி சொன்னதைச் சோதனைப் போர் போட்டு ஒத்துப் பார்த்தாக வேண்டும். அடியில் இருப்பதை இப்படி வரைபடமாக்குகிற வேலையை மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் நாடு முழுவதும் ஆரம்பித்தது. அதற்கு முன்னோட்டமாக எடுத்துக்கொண்ட ஆறு இடங்களில் ஒன்று நம் கடலூர் மாவட்டத்துக் கீழ் வெள்ளாற்றுப் பகுதி. 2023 மார்ச்சில் சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர் முடிந்தது. ஆக, வரைபடம் இருக்கிறது. ஆனால் அதன் அளவு 1:50,000. அரை கிலோமீட்டர் நீளமுள்ள தொழிற்சாலை வளாகம் அதில் ஒரு சென்டிமீட்டர். பஞ்சாயத்து அளவுக்கு நுணுக்கமாக, 1:10,000-இல் வரைகிற இரண்டாம் கட்டம் இப்போதுதான் நடக்கிறது.

தரைக்கு மேலே நம்மிடம் இருக்கிற படங்களை இதோடு வைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம்: ஒவ்வொரு சிப்காட் வளாகத்துக்கும் மனை வாரியாகப் படம் உண்டு. சர்வே எண் உண்டு, சென்ட் கணக்கு உண்டு, மின்கம்பம் எங்கே, வடிகால் எங்கே என்பதெல்லாம் உண்டு. அந்த மனைக்கு அடியில் இருப்பது களியா, கப்பியா, பக்கத்து ஊர்க் குடிநீர்க் கிணற்றுக்குத் தண்ணீர் போகிற வெடிப்பா என்பது அந்தப் படத்தில் இல்லை. என் ஆதங்கம் முழுக்க இதுதான். இரண்டு படங்களும் ஒரே மேஜையில் விரிக்கப்பட வேண்டும். மனை ஒதுக்குவதற்கு முன்னால் விரிக்கப்பட வேண்டும்.

சட்டமும் இன்னும் அந்த மேஜைக்கு வரவில்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், திட்டமான ஓடுபாதை இல்லாத நிலத்தடி நீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஓடுபாதை தெரியாத காலத்துச் சட்டம் அது. சென்னைப் பெருநகருக்கு 1987-இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுவதற்கும் 2003-இல் ஒன்றை இயற்றி, நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013-இல் நீக்கிவிட்டார்கள். 2017 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462-இல் ஊறுவதைவிட அதிகமாக இறைத்துக்கொண்டிருந்தோம்.

அளவு குறைவது ஒரு கவலை என்றால், கெடுவது அதைவிடப் பெரிய கவலை. எலெக்ட்ரானிக்ஸ் தொழிலுக்குப் புகைபோக்கி இல்லை, அதனால் சுத்தமானது என்று அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கிலும் நம்பினார்கள். 1981 டிசம்பரில் சான் ஹோசேயில் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் புதைத்து வைத்த தொட்டி ஒன்று கசிவது தெரியவந்தது. அதில் இருந்தது, சில்லுகளைத் துடைக்கப் பயன்படுத்திய கரைப்பான். சுமார் 600 மீட்டர் தள்ளியிருந்த குடிநீர்க் கிணற்றில் அது இருந்தது. சான் ஹோசே இருக்கிற சான்ட்டா கிளாரா மாவட்டத்தில் இன்று அந்நாட்டு மத்திய அரசின் பட்டியலில் ஏறிய மாசுத் தலங்கள் 23. அந்த நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை. இத்தகைய கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது. வெடிப்பு கிடைத்தால் அடிவரை இறங்கும், இறங்கிய பிறகு எடுப்பது தலைமுறை வேலை. நம் ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் இப்படி நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் எந்த ஊர்க் கிணற்றுக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று சொல்ல நம்மிடம் படம் வேண்டும் என்கிறேன். ஜெர்மனியில் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி ஒரு கோடு போடுகிறார்கள்: தண்ணீர் 50 நாளில் கிணற்றை வந்தடைகிற தூரம். நோய்க்கிருமிகள் மண்ணுக்குள்ளேயே சாக அவ்வளவு நாள் வேண்டும் என்ற கணக்கு. அந்தக் கோட்டுக்குள் கட்டடம் எழுப்பவே தடை. ஓரிக்கைக் கிணறுகளைச் சுற்றி அப்படி ஒரு கோடு போட என்ன தடை? ஆற்றையும் மணலையும் நன்றாகத் தெரிந்த பொறியாளர்கள் நம் நீர்வளத் துறையில் இருக்கிறார்கள்.

நினைத்தால் நல்ல தண்ணீரைக் காக்க முடியும் என்பதற்கு இங்கேயே சாட்சி உண்டு. 2019-இல் கோயம்பேட்டில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வு வழியாகச் சுத்திகரிக்கிற நிலையம் வந்தது. அந்தத் தண்ணீர் நீளமான குழாயில் இந்தச் சிப்காட் வளாகங்களுக்கு வருகிறது. தொழிற்சாலைக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கொடுத்து, நல்ல தண்ணீரைக் குடிக்க மிச்சம் பிடிக்கிற இந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் மனிதர்கள் குடிக்கவும் குளிக்கவும் வேண்டியது தனியாக ஏறிக்கொண்டே போகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. பெண் தொழிலாளர்களுக்கு மரியாதையான இருப்பிடம்; வரவேண்டியதுதான். ஆளுக்கு 135 லிட்டர் என்கிற நகர்ப்புற அளவுகோலைப் போட்டால் நாளுக்கு 25 லட்சம் லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சென்னைக்கு வந்த ரயில் தண்ணீரும் அதே 25 லட்சம் லிட்டர்தான். ஒரு விடுதிக்குத் தினம் ஒரு ரயில்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. பாலாற்று வெள்ளத்தை ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுவரும் கம்பன் கால்வாய், பரந்தூர் விமான நிலையத்துக்குக் குறித்த இடத்தின் ஊடாகப் போகிறது. எங்கே மழை உள்ளே இறங்குகிறதோ அந்த இடங்களை, ஏரிப் புறம்போக்கு மாதிரியே தனி வகையாக வருவாய்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரம் இது.

திரும்பும்போது ஒரு பஞ்சாயத்தின் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் நின்றேன். டேங்க் ஆபரேட்டர் மோட்டார் ரூமைத் திறந்து காட்டினார். உள்சுவர் முழுக்கக் கரித்துண்டால் எழுதிய எண்கள், மாத வாரியாக. தொட்டி நிரம்ப எத்தனை நேரம் ஆனது என்று எழுதி வைத்திருக்கிறார். தை மாதத்துக்குச் சின்ன எண், சித்திரைக்குப் பெரிய எண். பழைய சித்திரையைவிடப் புதிய சித்திரை பெரியது.

"யாராச்சும் எழுதச் சொன்னாங்களாண்ணே?"

"இல்ல சார். மோட்டார் எரிஞ்சிபோனா எங்கிட்டத்தான கேப்பாங்க? அதுக்காவ எழுதினேன். அப்புறம் பாத்தா, தண்ணி கீழ போறது தெரிஞ்சிது."

பத்து வரியைக் குறித்துக்கொண்டேன். நேரமாகிவிட்டது என்று மோட்டாரைப் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஜன்னல் ஓரத்திலிருந்து கரித்துண்டை எடுத்து, ஆரம்பித்த நேரத்தை எழுதினார்.

(தொடரும்)