முப்பரிமாணப் பாடம் எழுதப் போறீங்களா? கத்துக்கிறவர் எங்கே திணறுவார்னு முதல்ல யோசிங்க

மொபைலில் வீடியோ ஓடுகிறது. பக்கத்தில் பழைய லேப்டாப். கார்ட்டூன் பொம்மையின் தலையை முப்பரிமாணத்தில் உருவாக்க ஒரு மாணவி முயன்றுகொண்டிருக்கிறார். சொல்லித் தருபவரின் திரையில் கழுத்து அழகாக வந்துவிட்டது. இவருடைய திரையில் மட்டும் கழுத்தில் கறுப்பாக ஒரு மடிப்பு. நாலு தடவை திருப்பிப் பார்த்தும் காரணம் புரியவில்லை. "நமக்கு இதெல்லாம் வராது போல" என்று மூடி வைத்துவிடுகிறார்.

வராமல் இல்லை. அந்தப் பாடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அவர் பயன்படுத்தும் 'பிளெண்டர்' மென்பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2002-ல் இது திறந்த மூல மென்பொருளானது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை 2025-ல் வென்ற 'ஃப்ளோ' படம் இதில் உருவானதுதான். மென்பொருளுக்குச் செலவில்லை, தமிழில் தெளிவாகச் சொல்லித் தரத்தான் ஆள் வேண்டும். நீங்கள் ஓரளவு கற்றவர் என்றால், நீங்களே பாடம் எழுதலாம். அதற்குச் சில யோசனைகள்:

1. பதிப்பு எண்ணை முதல் வரியிலேயே சொல்லுங்கள்

2019-ல் வந்த 2.80 பதிப்புக்கு முன்பு, பிளெண்டரில் ஒரு பொருளைத் தேர்வு செய்ய மவுஸின் வலது பட்டனை அழுத்த வேண்டும். அதன் பிறகு இடது பட்டன்தான் வழக்கம். பழைய பாடத்தைப் புதிய பதிப்பில் செய்து பார்ப்பவர் முதல் நிமிடத்திலேயே குழம்பிவிடுவார். "இந்தப் பாடம் இந்தப் பதிப்புக்கானது" என்ற ஒரு வரி போதும்.

2. உங்கள் கை தானாகச் செய்வதையும் எழுதுங்கள்

கழுத்தை இழுத்து நீட்ட 'இ' கீயை அழுத்துவோம். வேண்டாம் என்று தோன்றினால் மவுஸின் வலது பட்டனைத் தட்டுவோம். திரையில் எதுவும் மாறாதது போலத் தெரியும். ஆனால், நீட்டல் ரத்தாகாது. நகர்த்தல் மட்டுமே ரத்தாகும். பழைய புள்ளிகளின் மேலேயே புதிய புள்ளிகள் உட்கார்ந்திருக்கும். பிறகு உருவத்தை வழவழப்பாக்கும்போது அந்த இடத்தில் மடிப்பு விழும்.

அனுபவசாலி யோசிக்காமலே கண்ட்ரோல் + இசட் அழுத்திவிடுவார். புதியவருக்கு அது எப்படித் தெரியும்? அதனால் இப்படி எழுதுங்கள்: "வேண்டாம் என்றால் கண்ட்ரோல் + இசட் அழுத்துங்கள். ஏற்கெனவே மடிப்பு வந்துவிட்டதா? எடிட் மோடில் 'ஏ' அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்து, 'எம்' அழுத்தி, 'பை டிஸ்டன்ஸ்' கொடுங்கள்."

3. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சோதனை வையுங்கள்

முகத்தில் பாதியை மட்டும் செய்து, மறுபாதியை 'மிரர் மாடிஃபையர்' மூலம் கொண்டுவருவது வழக்கம். அந்தக் கட்டம் முடிந்ததும், "நடுக்கோட்டில் உள்ள ஒரு புள்ளியை 'ஜி' அழுத்தி இடம் வலமாக நகர்த்திப் பாருங்கள். கோட்டை விட்டு விலகவில்லை என்றால் சரி. விலகினால், மிரர் மாடிஃபையரில் 'கிளிப்பிங்' டிக் செய்யப்படவில்லை" என்று எழுதுங்கள். கூடவே, முன்புறமும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள். "நாம சரியாத்தான் போறோம்" என்ற நம்பிக்கை வரும்.

4. "கொஞ்சம் கூட்டுங்க" என்று சொல்லாதீர்கள்

எவ்வளவு என்று எண்ணில் சொல்லுங்கள். வழவழப்பாக்கும் 'சப்டிவிஷன்' அளவை ஒவ்வொரு படி கூட்டும்போதும் பரப்புகள் நாலு மடங்காகும். 500 நாற்கரப் பரப்புகள் உள்ள தலை, அளவு 2 வைத்தால் 8,000 ஆகும்; அளவு 6 வைத்தால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். பழைய லேப்டாப் அங்கேயே நின்றுவிடலாம். "அளவு 2 போதும், அதற்கு மேல் வேண்டாம்" என்று காரணத்தோடு எழுதுங்கள்.

5. மொபைல் திரையை நினைவில் வையுங்கள்

உங்கள் பாடத்தைப் பலர் மொபைலில்தான் பார்ப்பார்கள். பிளெண்டரின் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'ரெசல்யூஷன் ஸ்கேல்' அளவைக் கூட்டிவிட்டு ரெக்கார்டு செய்தால் எழுத்து பெரிதாகத் தெரியும். எந்தக் கீயை அழுத்துகிறீர்கள் என்பதை வாயாலும் சொல்லுங்கள். மெனு பெயர்களை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். திரையில் உள்ள பெயரைத்தான் அவர் தேடுவார்.

ஐஐடி பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் நல்ல முன்மாதிரி. ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம்தான். திரையின் ஒரு பாதியில் பாடம், மறுபாதியில் மென்பொருள் என்று பார்த்துக்கொண்டே செய்யும் முறை அது. தமிழிலும் பாடங்கள் உள்ளன, இலவசமாகவே பார்க்கலாம்.

வெளியிடும் முன்பு

பிளெண்டரைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் பாடத்தைக் கொடுங்கள். தம்பி, தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளை என யாராக இருந்தாலும் சரி. பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நிற்கிறார், எங்கே வீடியோவைத் திருப்பிப் போடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்தில் சேர்க்க வேண்டிய வரிகள் அந்தக் குறிப்பில் இருக்கும். அவற்றைச் சேர்த்துவிட்டு வெளியிடுங்கள்.